கால் பாவாதவர்கள்

அந்தப் படத்தில் வந்த மிருகங்களின் கால் தரையில் படவில்லை. தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. இடிந்த வீடுகள், துருப்பிடித்துக் கிடக்கிற கார்கள், புழுதி மூடிய தெருக்கள், இவற்றுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் அவை வரிசையாக வரும். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் இருக்கும். வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும், கை முழங்காலுக்குக் கீழே தொங்கும். காலைத் தூக்கும், வைக்கும், எல்லாம் செய்யும். ஆனால் வைத்த இடத்தில் புழுதி எழும்பாது, சருகு நசுங்காது. வெயில் அடிக்கிற பக்கமே நிழலும் விழுந்துகிடக்கும். இத்தனை வருஷம் போன பிறகும் கண்ணை மூடினால் அந்தக் கால்கள்தான் எனக்கு முதலில் தெரிகின்றன. அதற்குப் பின்னாலேயே டிக்கெட் அக்காவின் முகம் வந்து நிற்கும்.

நான் வேலை பார்த்த தியேட்டர் வைகைக்கு வடகரையில், கோரிப்பாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. கீழே இடது பக்கம் சில வரிசைகள் பெண்களுக்கென்று விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துக் கதவு என் பொறுப்பு. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பேன், டார்ச் அடித்து உட்கார வைப்பேன், பிள்ளை வீறிட்டால் தாயையும் பிள்ளையையும் வெளியே கூட்டி வந்து காற்றாட நிற்க வைப்பேன். நாலு எழுத்து கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. அதுவும் தியேட்டர் வாசலில் ஒட்டுகிற போஸ்டரைப் பார்த்துப் பழகியது. ஆனாலும் என் கதவைத் தாண்டி டிக்கெட் இல்லாமல் ஒரு ஈ உள்ளே போனதில்லை. முதலாளி வீட்டுச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு பட்டுச்சேலையில் வந்த அம்மாவைக்கூட நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்காக என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறுநாள் நான் போயிருக்க மாட்டேன்.

டிக்கெட் அக்கா பெண்கள் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பவள். அந்தக் கவுண்டர் ஒரு குச்சு அறை. சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம், அவ்வளவுதான். படம் பார்க்க வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு அவளுடைய முகம் தெரியாது, கையைத் தெரியும். முழங்கைக்குப் பாதி வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கியிருப்பாள். அந்தக் கை வெளியே வரும், பின்னாலேயே குரல் வரும். “ஏத்தா, ஒரு டிக்கெட்ட வாங்கிட்டு மூணு புள்ளைய இழுத்துட்டுப் போறியே, படம் முடியிறதுக்குள்ள அதுக்குக் கல்யாண வயசு வந்துருமே” என்பாள். வரிசையே சிரிக்கும். சிரித்த பிறகு அந்த மூன்று பிள்ளைக்கும் காசு வாங்காமலே டிக்கெட்டை நீட்டிவிடுவாள். என் கதவில் கண்டிப்பு, அவள் துவாரத்தில் இரக்கம். இரண்டுக்கும் நடுவில் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார். அவர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். எங்கள் மேல் கோபம் வந்தால் அந்தப் பாஷையில் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார். எங்களுக்குப் புரியாது, ஆகையால் வருத்தமும் இல்லை.

அக்காவுக்குச் சமயநல்லூர். காலையில் பஸ் ஏறி வருவாள், சாயங்கால ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டுப் போய்விடுவாள். அத்தனை வருஷம் தியேட்டரில் வேலை பார்த்தும் அவள் ஒரு படம் பார்த்ததில்லை. கவுண்டரை அடைத்ததும் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுவாள், கொஞ்ச நேரம் சாய்ந்திருப்பாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், “அவுக வரட்டும், சேந்து பாத்துக்கிறேன்” என்பாள்.

அவுக என்றால் அவளுடைய வீட்டுக்காரர். லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. லாரி திரும்பி வந்தது, வேறொருவர் ஓட்டி வந்தார். நாக்பூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம், இறங்கிப் போனார், காணோம், தேடித் தேடிப் பார்த்தோம் என்று அழுதுகொண்டே சொன்னாராம் கிளீனர். விபத்து என்றால் ஓர் உடம்பு இருக்கும். சண்டை என்றால் ஒரு பேச்சு இருக்கும். இங்கே ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அக்கா நெற்றியில் குங்குமம் முன்னைவிடப் பெரிதாக வைக்க ஆரம்பித்தாள், வளையலும் கூடுதலாகப் போட ஆரம்பித்தாள். தாலியை மட்டும் வெளியே தெரியவிடாமல் ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வாள். யார் கண்ணும் அதன் மேல் நின்று கணக்குப் போடக்கூடாது என்பது அவள் எண்ணம்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஆடி மாதம். அப்போதுதான் அந்தப் படம் வந்தது. வெள்ளைக்காரப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். உலகமே வெயிலில் வெந்து அழிந்துபோய்விட்டதாம், ஒரே ஒருவன் மட்டும் ஓர் இரும்புக் கதவு போட்ட வீட்டுக்குள் உயிரோடு இருக்கிறானாம், வெளியே இந்த மிருகங்களாம். கம்ப்யூட்டரில் செய்தது, இதுவரைக்கும் யாரும் பார்த்திராதது என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். இருதயம் பலவீனமானவர்கள் வரவேண்டாம் என்றும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டமே வந்தது. எங்கள் ஊரில் யாரைப் பார்த்து வராதே என்று சொன்னாலும் அவர் முதல் வரிசையில் இருப்பார்.

முதல் நாள் மேட்னி. மிருகங்கள் முதல்முறை திரையில் வந்தபோது பெண்கள் பக்கம் எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்கள். பயம்தான், நானும் கதவை ஒட்டி நின்றேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆண்கள் பக்கம் சிரிப்பு எழும்பிவிட்டது. கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். “மாப்ள, காலு தரையிலயே ஒட்டலடா, அந்தரத்துல நடக்குதுடா” என்று ஒருவன் கத்தினான். “கம்ப்யூட்டர்க்காரன் பசை தடவ மறந்துட்டான் போல” என்றான் இன்னொருவன். பிறகு அவை வரும்போதெல்லாம் விசில், ஊளை. கதவுக்குள் இருக்கிறவன் துப்பாக்கியால் சுட்டு ஒவ்வொன்றாக விழ வைக்கும்போது அரங்கம் அதிர்ந்தது.

எங்கள் பக்கத்தில் சிரிப்பில்லை. காலைத் தூக்கி வைத்திருந்தவர்கள் மெல்லக் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். வரிசை ஓரத்தில் ஒரு பாட்டி. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், மகளுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவம், மத்தியானப் பொழுது போகவேண்டுமென்று வந்தவள். திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்து நாற்காலிப் பெண்ணின் தொடையில் தட்டிச் சொன்னாள்.

“ஏத்தா, காலப் பாத்தியா, பாவவே இல்ல. இதுக மிருகம் இல்லத்தா. செத்துப்போன சனம்.”

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

“ஊரே ஒண்ணாப் போயிருச்சு. ஆரு இருக்கா இதுகளுக்குச் சோறு வைக்க? அதான் சோத்து வாடைக்கு வாசல்ல வந்து நிக்குதுக. அந்த எடுபட்ட பய என்னடான்னா கதவச் சாத்திக்கிட்டு ஒத்தையில திங்கிறான்.”

பேய்க்குக் கால் பாவாது என்பது எங்களுக்கெல்லாம் பால்குடிக்கிற நாளிலிருந்து தெரிந்த சங்கதி. அதனால் அவள் சொன்னதை யாரும் விளக்கிக் கேட்கவில்லை. வரிசை வரிசையாகப் பேச்சு பின்னால் போனது. படத்தில் அவன் தகர டப்பாவைத் திறந்து எதையோ எடுத்துத் தின்கிறான். வெளியே அவை கதவருகில் நின்று கையை வைக்கின்றன. “ஒரு கை அள்ளி வெளிய வையேண்டா” என்று ஒருத்தி திரையைப் பார்த்துக் கத்திவிட்டாள். அவன் சுட்டபோது எங்கள் பக்கம் உச்சுக்கொட்டினார்கள். இடைவேளையில் வெளியே வந்த பெண்கள் பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் படக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார், மெட்ராஸ்காரர். ஆட்டம் முடிந்து வருகிற பெண்களை வழிமறித்து, “எப்படிம்மா இருந்திச்சு, ரொம்ப பயந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“என்னத்துக்குப் பயப்படணும்?” என்றாள் கோரிப்பாளையத்துப் பெண் ஒருத்தி, கறுப்பு அங்கியும் கையில் பிள்ளையுமாக. “பசியோட வந்து வாசல்ல நிக்கிறதப் பாத்து ஆராவது பயப்படுவாகளா? பாவமால்ல இருக்கு. அவன் நல்லா இருப்பானா?”

மெட்ராஸ்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. எங்கள் மேனேஜர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, “அண்ணே, போஸ்டர மாத்திருங்க. தாய்மார்கள் கண்ணீர் விட்டுப் பாக்குற படம்னு போடுங்க, இன்னும் ரெண்டு வாரம் ஓட்டித் தாரேன்” என்றார். மெட்ராஸ்காரர் அதைக் கேலி என்று நினைத்தார். மேனேஜர் மெய்யாகத்தான் சொன்னார்.

அதே வாரம்தான் அக்காவின் கொழுந்தனார் தியேட்டருக்கு வந்தார். கவுண்டரை அடைத்துவிட்டு நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நல்ல மனிதர், அதை இங்கே சொல்லிவிட வேண்டும். அண்ணன் போன பிறகு அந்த வீட்டுக்கு அரிசி பருப்பிலிருந்து ஓடு மாற்றுவது வரைக்கும் அவர்தான் பார்த்தார். அன்றைக்குச் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, தியேட்டர் குச்சு அறைக்குள் கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார்.

“மதினி, ஆவணியில எம்மக கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிருக்கு.”

“நல்ல காரியம். நாந்தான முன்னால நின்னு செய்யப்போறேன்.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கு முன்னாடி, இந்த ஆடி அமாவாசையில, அண்ணனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிரலாம்னு வீட்ல சொல்றாக. செய்யாம விட்டுட்டு வீட்ல விசேசம் வச்சா நல்லா இருக்காதுங்கிறாக. நான் சொல்லல மதினி. எல்லாரும் சொல்றாக.”

அக்காவின் கை சோற்றில் அப்படியே நின்றது. “உசுரோட இருக்கவுகளுக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கச் சொல்லுறியா? எறைச்சா என்ன ஆகும், தெரியுமா உனக்கு?”

“இல்லாமப் போயிருந்தா என்ன ஆகும் மதினி? இத்தன வருசமா பட்டினில்ல கெடப்பாரு?”

சொல்லிவிட்டு அவர் அழுதுவிட்டார். அக்கா அழவில்லை. சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாள். வளையல் போட்ட கையை நீட்டி, “இந்தக் கைய வெட்டிப்போட்டுட்டு அப்புறம் செய்யி” என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டே போனார்.

அவளுடைய சங்கடம் அதுதான். இருக்கிறவருக்குப் படையல் போட்டால் அதைவிடப் பெரிய பாவம் எங்கள் பக்கத்தில் கிடையாது, ஆளையே அனுப்பி வைக்கிற மாதிரி. இல்லாதவருக்குப் போடாமல் விட்டால் அவர் பசியோடு வாசல் வாசலாக அலைய வேண்டும். இரண்டில் எது என்று சொல்ல ஆளில்லை. அந்தப் பக்கமும் போக முடியாமல் இந்தப் பக்கமும் வர முடியாமல் அவள் அத்தனை வருஷமும் அந்தத் துவாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள், வருகிற பெண்களைச் சிரிக்க வைத்துக்கொண்டு.

கொஞ்ச நேரம் கழித்து, பேச்சை மாற்றுவதற்காக என்று நினைக்கிறேன், “ஆமா, இந்தப் படத்துக்குப் பொம்பளைக எல்லாம் எதுக்கு அழுதுட்டு வாராக?” என்று கேட்டாள். நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். கால் பாவாதது, பாட்டி சொன்னது, கதவுக்கு வெளியே நிற்பது எல்லாவற்றையும். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. அவள் தூக்குச்சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மேட்னிக்குக் கவுண்டரை அடைத்துவிட்டு நேராக என் கதவுக்கு வந்தாள். உட்காரவில்லை. திரைச்சீலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். வளையல் சத்தம் கேட்கக்கூடாதென்று மற்றக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மிருகங்கள் வந்தன. பையன்கள் விசிலடித்தார்கள். கதவுக் காட்சி வந்தது. முன்னால் நிற்பவை இடிக்கும், கையை வைத்து அறையும். அக்கா அவற்றைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில், வரிசைக்குக் கடைசியில் ஒன்று நிற்கும். அது இடிக்காது, கிட்டே வராது, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். நாலைந்து ஆட்டம் பார்த்த என் கண்ணில் அது பட்டதில்லை. கம்ப்யூட்டர்க்காரர்கள் அதற்கு வேலை கொடுக்க மறந்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

“அந்தா, கடைசியில நிக்கிறதப் பாரு” என்றாள் அக்கா.

பார்த்தேன்.

“அவுகளும் இப்பிடித்தான். பந்தியில முண்டிட்டு உக்கார மாட்டாக. கல்யாண வீட்ல ஓரமாவே நிப்பாக. ஒரு தடவ கூப்பிட்டா, இல்ல இருக்கட்டும்பாக. ரெண்டாந் தடவ கூப்பிட்டாத்தான் வருவாக.”

திரையில் அவன் துப்பாக்கியை எடுத்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் ஓய்ந்ததும், “கடைசியில நின்னதும் போச்சா?” என்று கேட்டாள். அதை அவன் சுடுவதில்லை, அது அப்படியே திரையை விட்டு நகர்ந்துவிடும். “இல்லக்கா, அது நிக்குது” என்றேன். “நாளைக்கு ஆட்டத்துலயும் நிக்குமா?” என்று கேட்டாள். விவரம் தெரிந்தவள்தான், படம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்டாள். “நிக்கும்க்கா” என்றேன். அந்த வாரம் முழுவதும் அந்தக் காட்சிக்கு மட்டும் வந்து நின்றாள். வியாழக்கிழமையோடு படத்தை எடுத்துவிட்டார்கள். ரீல் பெட்டிகளைக் கட்டி ஆட்டோவில் ஏற்றுகிறபோது அவள் கவுண்டரை விட்டு இறங்கி வந்து பார்த்தாள். “ஒருவாய் சோறு வைக்காமலே அடச்சு அனுப்பிட்டாகளே” என்றாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் என்னிடம், “நாளைக்கு நீ லீவு போட்டுட்டு எங்கூட வா” என்றாள். மேனேஜரிடம் காரணம் சொல்லவில்லை, போனேன். சமயநல்லூரில் அவள் வீடு மெயின் ரோட்டிலிருந்து நாலு எட்டுத்தான். திண்டுக்கல்லிலிருந்து வருகிற லாரியெல்லாம் அந்த வழியாகத்தான் போகும், எதிரில் டீக்கடையில் நிற்கும். அவள் அதிகாலையிலேயே குளித்துச் சமைத்து வைத்திருந்தாள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, வாழைக்காய் வறுவல், அப்பளம், பருப்புப் பாயசம். நெற்றியில் குங்குமம் வழக்கம்போல் பெரிதாக இருந்தது. கொழுந்தனாரும் வந்திருந்தார். ஆற்றுக்குக் கூட்டிப் போகத் தயாராக, ஈரம் துடைக்கத் துண்டு, எள், தர்ப்பை எல்லாம் ஒரு பையில் வைத்திருந்தார். முன்பு திட்டியதால் உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றார்.

“வா, உள்ள வா” என்றாள் அக்கா. “நான் ஆத்துக்கு வரல. தாலியவும் எடுக்கல. ஆனா சோறு போடுறேன்.”

“ரெண்டும் எப்பிடி மதினி?”

“இருக்காகளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பசிக்கும்கிறது தெரியும்.”

சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தாள். வடக்கத்தி லாரி ஒன்று டீக்கடையில் நின்றிருந்தது. அதில் வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தள்ளி, டயருக்குப் பக்கத்தில் நின்று கிளாஸில் டீயைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, தலையில் துண்டு. அக்கா நேராக அவரிடம் போனாள். கையை வாயருகில் கொண்டுபோய்க் காட்டி, “சாப்பிட வாங்க” என்றாள். அவர் திகைத்துப்போய் வேண்டாமென்று கையை ஆட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அக்கா நகரவில்லை. மறுபடியும், “வாங்க, சாப்பிட வாங்க” என்றாள். அவள் குரல் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கிளாஸை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி இலையின் நுனி இடப்பக்கம் வரும்படி போட்டாள். படையலுக்குப் போடுகிற மாதிரி போடவில்லை. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். புளிக்குழம்பு அவருக்குப் புதிது போலிருக்கிறது, முதல் வாயில் முகம் சுருங்கியது, பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கொழுந்தனார் வேப்பமரத்தடியை விட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவர் கண் அந்த மனிதருடைய கையிலேயே இருந்தது. எனக்கு ஏனென்று தெரியும், என் கண்ணும் அங்கேதான் இருந்தது. நல்ல வீட்டில் சாப்பிட்டால் இலையைத் தன் பக்கமாக மடக்குவார்கள், இழவு வீட்டில் சாப்பிட்டால் எதிர்ப்பக்கமாக மடக்குவார்கள். அந்த மனிதர் எந்தப் பக்கம் மடக்குவார்? தெரியாத ஊர்க்காரர், தெரியாமல் செய்கிறதில் ஏதாவது தெரிந்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நினைப்பு. அக்கா மட்டும் பாயசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் இலையை மடக்கவே இல்லை. இரண்டு கையாலும் அப்படியே ஏந்திக்கொண்டு எழுந்தார். வெளியே பக்கத்து வீட்டுப் பசு கட்டியிருந்தது. அதன் முன்னால் கொண்டுபோய் இலையை வைத்துவிட்டு அதன் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார். கை கழுவினார். அக்காவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார், ரோட்டைத் தாண்டிப் போனார். லாரி கிளம்பிற்று.

“மடக்கவே இல்லையே மதினி” என்றார் கொழுந்தனார்.

“அவுக ஊர்ல மடக்க மாட்டாக போல. பசியாறுச்சுல்ல?” என்றாள் அக்கா. தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அவுக இருந்தா, அங்கிட்டு எவளோ ஒருத்தி இப்பிடிக் கூப்பிட்டுப் போட்டிருப்பா. இல்லைன்னா, இது போயிச் சேரும். எப்பிடின்னாலும் பட்டினி கெடக்க வேணாம்.”

கொழுந்தனார் பசுவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எள்ளுப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சரி மதினி. இதுவே செஞ்சதா இருக்கட்டும். ஆவணிக்கு நீங்கதான் முன்னால நிக்கணும்” என்றார். நின்றாள். கல்யாணத்தில் நானும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை அப்படித்தான். ஓரமாக நிற்கிற ஒருவரைப் பார்த்துக் கூட்டி வருவாள். சில நாள் லாரிக்காரர், சில நாள் கம்பளி விற்கிறவர், ஒருமுறை ஆண்டிப்பண்டாரம். படம் பார்ப்பதையும் விடவில்லை. கதவோரம் என்னோடு நின்று பார்ப்பாள். நல்ல படம் என்றால் நான் திட்டத் திட்ட உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள், டிக்கெட் இல்லாமல். என் கதவைத் தாண்டி டிக்கெட் இல்லாமல் போன ஒரே ஆள் அவள்தான், அதனால் முதலில் சொன்னதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

சில வருஷம் கழித்து, காய்ச்சல் என்று படுத்தவள் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் அதுவரைக்கும் வரவில்லை. குளிப்பாட்டி வைத்த பிறகு பெண்களுக்குள் ஒரு தயக்கம். பூ வைக்கலாமா, குங்குமம் வைக்கலாமா, வளையல் இருக்கலாமா, யாருக்கும் வாய் திறக்கத் துணிவில்லை. நான் பூவை எடுத்து அவள் தலையில் வைத்தேன். குங்குமத்தை அவள் வைக்கிற அளவுக்கே பெரிதாக வைத்தேன். வளையல்களைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்தேன். சொல்லவில்லை.

தியேட்டரை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் துணிக்கடை இருக்கிறது. போன வருஷம் என் மகள் என்னைப் பெரிய மால் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடி ஒன்றைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அதிலும் உலகம் அழிந்துதான் போயிருந்தது, அதிலும் மிருகங்கள் வந்தன. நான் முதலில் காலைத்தான் பார்த்தேன். நன்றாகப் பாவியது. வைத்த இடத்தில் மண் அமுங்கியது, சேறு பிதுங்கியது, அடியெடுத்த பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றது. எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் அந்தப் பிள்ளைகள்! பக்கத்தில் எல்லோரும் பயந்து கத்தினார்கள். “பயமா இருக்காம்மா?” என்று மகள் கேட்டாள். “நல்லாச் செஞ்சிருக்காக” என்றேன். மெய்தான், நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் எனக்கு அவற்றிடம் வேலை எதுவும் இருக்கவில்லை. அந்தப் பழைய படத்தில் தவறிப்போய் விட்ட ஒரு விரற்கடை இடைவெளி இருந்ததே, அதற்குள்தான் நாங்கள் எங்கள் சனத்தையெல்லாம் கொண்டுவந்து நிற்க வைத்திருந்தோம்.

என் வீட்டுக்காரருக்கு நான் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன். அது என் கண் முன்னால் நடந்த சாவு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை முடித்துவிட்டு, ஒவ்வொரு அமாவாசையும், பஸ் ஸ்டாப்பில் ஓரமாக நிற்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து இலை போடுகிறேன். மகள் முதலில் சண்டை போட்டாள். இப்போது அவளே அப்பளம் பொரித்து வைக்கிறாள். யாரென்று கேட்பதில்லை, எந்த ஊர் என்றும் கேட்பதில்லை. ஒரு தடவை கூப்பிடுகிறேன், அது அக்காவுக்கு. இன்னொரு தடவையும் கூப்பிடுகிறேன், அது ரெண்டாந் தடவை கூப்பிட்டால்தான் வருகிறவருக்கு. வந்து உட்காருகிறவர் கால் தரையில் பாவியிருக்கிறதா என்று நான் குனிந்து பார்ப்பதில்லை.